யார் கையில் மரக்கால்? வீட்டு இணையத்தின் வரம்பு பற்றிக் கடைமடையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பத்திரிகைகளில் ஒரு செய்தி வரும். முல்லைப் பெரியாறு அணையிலிருந்து, கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை உள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று. தேதி மாறும், திறந்துவைத்த அமைச்சரோ கலெக்டரோ மாறுவார், வாக்கியம் மாறாது. அந்த வாக்கியத்தில் எங்கள் ஊர் நிற்கிற இடம் 'வரை' என்ற சொல்லுக்கு முன்னால். அதாவது நாங்கள் கடைமடை. தேனி நகரத்தோடு ஒட்டிக்கொண்டு, கம்பம் ரோட்டில் கடையும் கல்யாண மண்டபமுமாக வளர்ந்து, பேரூராட்சியாகவும் ஆகிப்போன பிறகும் கடைமடைக்காரனுக்கு உரிய சந்தேகம் எங்களை விட்டுப் போகவில்லை. எது வந்தாலும் 'மேல எவ்வளவு எடுத்தான்?' என்றுதான் முதலில் கேட்போம்.

இந்தக் கட்டுரை தண்ணீரைப் பற்றியது இல்லை. வீட்டுக்கு வருகிற இணையம் இந்த முப்பது ஆண்டுகளில் எப்படி அளக்கப்பட்டது, யார் அளந்தார்கள், அந்த அளவுக்கு 'நியாயம்' என்று எப்படிப் பெயர் வந்தது என்பதைப் பற்றியது. ஆனாலும் இந்த ஊரில் உட்கார்ந்து அளவைப் பற்றி எழுதுகிறவன் வாய்க்காலைத் தாண்டாமல் எழுத முடியாது.

'மாசம் இருபது தேதிக்கு மேல நெட்டு நொண்டும்' என்பது எங்கள் தெருவில் வெகுகாலம் ஒரு பருவநிலைச் செய்தி மாதிரி புழங்கிய வாக்கியம். யாரும் அதை அநியாயம் என்று சொன்னதில்லை. கோடையில் கிணறு வற்றுவதைப் போல, மாதக் கடைசியில் இணையம் வற்றும். நம் தோழர்களிடம் இதைப் பேசினால் நடுத்தரவர்க்கப் புலம்பல் என்று ஒதுக்குவார்கள். 2005இல் அப்படி ஒதுக்கியிருந்தால் தப்பில்லை; வீட்டில் இணையம் வைத்திருந்தவன் தெருவுக்கு ஒருவன். ஆனால் பள்ளிக்கூடம், ரேஷன், நூறு நாள் வேலை, பட்டா, பரீட்சை முடிவு எல்லாம் அதே குழாய் வழியாக வர ஆரம்பித்த பிறகும் அதை 'நுகர்வோர் பிரச்சினை' என்று ஓரத்தில் வைப்பது நம்முடைய சோம்பேறித்தனம். நுகர்வோர் என்ற சொல்லே ஒரு பொறி. அது ஒரு ஆளைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்தி, கையில் ஒரு பில்லைக் கொடுக்கிறது.

முதலில் அளவு மணிக்கணக்காகத்தான் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, தனிநபர் ஒருவர் 5,000 ரூபாய் கட்டினால் 250 மணி நேரம். டெலிபோன் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் போன் பில் தனி. 1998இல் தனியார் வந்தார்கள். பிறகு தேனி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி 'பிரவுசிங் சென்டர்'கள் வந்தன. அங்கேயும் மணிக்கு இத்தனை ரூபாய்தான். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும். நமக்கு அதில் ஒரு பதற்றம் இருந்தது, இ. பி. தாம்சன் 1967இல் எழுதிய, ஆலைக்கடிகாரம் தொழிலாளியின் உடம்புக்குள் புகுந்த வரலாற்றை அந்த மூலைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் ஒன்று: அந்தக் கடிகாரம் நமக்கும் தெரிந்த கடிகாரம். சென்டர்க்காரர் ஐந்து நிமிஷம் கூடச் சொன்னால் நம் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சண்டை போடலாம். 'அண்ணே, நாலு பத்துக்குத்தானே உக்காந்தேன்' என்று சொல்லி இரண்டு ரூபாயைத் திரும்ப வாங்கியவர்கள் உண்டு. அளவு இருவர் கையிலும் இருந்தது.

2004 அக்டோபரில் மத்திய அரசு அகன்ற அலைவரிசைக் கொள்கையை வெளியிட்டது. விநாடிக்கு 256 கிலோபிட், 'எப்போதும் இணைப்பில்' என்பது அதன் இலக்கணம். இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. எப்போதும் இணைப்பில் இருக்கிற ஒன்றை மணிக்கணக்கில் விற்க முடியாது. கடிகாரம் செத்துப்போனது. விற்பவனுக்கு வேறொரு மரக்கால் தேவைப்பட்டது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' என்ற பெயரில் வீட்டு இணையத்தைக் கொண்டுவந்தபோது அந்த மரக்கால் வந்து சேர்ந்தது: மெகாபைட். தொடக்க காலத்து மலிவுத் திட்டத்தில் மாதத்துக்கு 400 எம்பி. அதைத் தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக்காசு.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 256 கிலோபிட் என்றால் விநாடிக்கு 32 கிலோபைட். அந்த வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் 400 எம்பி மூன்றரை மணி நேரத்தில் தீரும். மாதத்துக்கு மூன்றரை மணி நேரம்! அதே கம்பி முப்பது நாளும் ஓடினால் ஏறத்தாழ 83 ஜிபி கொண்டுவரும். விற்ற குழாயின் கொள்ளளவில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வாங்கியவனுக்கு உரிமை. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், பத்து ஏக்கர் பாயக்கூடிய வாய்க்காலை வெட்டிக் கொடுத்துவிட்டு, ஐந்து சென்டுக்கு மேல் பாய்ச்சினால் தண்டம் என்பது. எல்லோரும் எல்லா நேரமும் இறக்க மாட்டார்கள், பல வீடுகள் ஒரே குழாயைப் பகிர்கிறார்கள் என்று பொறியாளர் சொல்வார். சரிதான். ஆனாலும் அரை சதவீதம் என்பது பகிர்வுக் கணக்கு இல்லை, அது வேறு ஏதோ கணக்கு.

அதிலும் வேடிக்கை, எம்பி என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. கடிதம் படித்தால் எவ்வளவு, படம் பார்த்தால் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் தானே இறக்கிக்கொண்ட அப்டேட்டும், யாரும் கேட்காமல் பக்கத்தின் ஓரத்தில் வந்து ஆடிய விளம்பரமும் நம் கணக்கில்தான். விளம்பரம் போட்டவன் பத்திரிகைக்குக் காசு கொடுப்பான் என்பதுதான் இதுவரை இருந்த வழக்கம். இங்கே படிக்கிறவன் அதற்கும் காசு கொடுத்தான். முதல் பில் வந்தபோது வீட்டுக்கு வீடு நடந்த விசாரணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்பெனியை யாரும் விசாரிக்கவில்லை. 'நீ என்னடா பாத்த?' என்று மகனை விசாரித்தார்கள். அளவு வீட்டுக்குள் ஒரு போலீஸ்காரனை உட்கார வைத்துவிட்டது. சம்பளம் இல்லாத போலீஸ்காரன், பெரும்பாலும் அப்பா.

சில திட்டங்களில் ஒரு சலுகை இருந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் வராது. இந்தச் சலுகை ஒரு தலைமுறையின் தூக்கத்தைத் தின்றது. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து இறக்கத்தைத் தொடங்கிவிட்டுப் படுப்பார்கள். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. காலையில் சிடியிலும் பிறகு பென்டிரைவிலும் ஏற்றி நாலு வீட்டுக்குப் பங்கு போடுவார்கள். வாய்க்காலில் ராத்திரி முறைக்குத் தண்ணீர் கட்டப்போன அப்பாவின் டார்ச் லைட்டும், அதே ராத்திரியில் மகனின் திரை வெளிச்சமும் ஒரே வீட்டில் எரிந்தன. (மதுரைத் திட்டம் 1998 முதல் வலையேற்றிவந்த தமிழ் நூல்களை இறக்க மட்டும் யாரும் ராத்திரி விழிக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்துக்கு எடை குறைவு.)

ஆனால் இந்த இரவுச் சலுகையில்தான் விஷயம் அவிழ்கிறது. இரவு இரண்டு மணிக்கு எத்தனை எம்பி எடுத்தாலும் குழாய்க்கு ஒன்றும் ஆகாது என்று விற்பவனே ஒத்துக்கொள்கிறான். ஆக நெரிசல் என்பது நேரத்தின் பிரச்சினை. இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் இழுத்தால் திணறும். மற்ற நேரத்தில் குழாய் சும்மா கிடக்கும். மாதம் முழுவதும் எடுத்ததைக் கூட்டிவைத்துக்கொண்டு இருபதாம் தேதி கழுத்தை நெரிப்பதால் எட்டு மணி நெரிசல் தீராது. முதல் தேதி எட்டு மணிக்கு எல்லோரிடமும் முழு அளவும் இருக்குமே! இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு, குழாய் காலியாகக் கிடக்கும்போது, படிக்கிற பெண்ணின் பக்கம் மட்டும் நகராது.

தண்ணீர் அப்படி இல்லை. நேற்று நான் பாய்ச்சிய தண்ணீர் இன்று உனக்கு இல்லை. அணையில் இருப்பு குறையும்; அதனால் இருப்பைக் கூட்டிக் கழித்துப் பங்கு வைப்பதில் ஒரு பொருள் உண்டு. விநாடிக்கு 200 கன அடி பாசனத்துக்கு, 100 குடிநீருக்கு, 120 நாள் என்று ஆணை போடுவதில் பொருள் உண்டு. இணையத்தில் நேற்று நான் பயன்படுத்தாத குழாய்நேரம் நேற்றே வீணாகிவிட்டது, யாருக்கும் மிச்சமில்லை. இருந்தும் பற்றாக்குறையின் மொழியை, பஞ்சத்தின் மொழியை, தண்ணீரிடமிருந்து கடன் வாங்கி இதன் மேல் போர்த்திவிட்டார்கள். எங்கள் ஊரில் வயல் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதை நான் நீட்டி முழக்கி விளக்கியபோது அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: 'தண்ணி இல்லேன்னா வாய்க்கா காஞ்சு கெடக்கும் தம்பி, கண்ணால பாத்துக்கலாம். இது இருக்கு, ஆனா விட மாட்டேங்கிறான்.'

எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. 2005 வாக்கில் கடல் கடந்துபோகிற கம்பிக்கு உண்மையாகவே பெருங்காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பற்றாக்குறையும் ஆண்டவன் கொடுத்தது இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இலும் 2004இலும் இரண்டு பெரிய கடலடிக் கேபிள்கள் வந்துவிட்டன. அவற்றின் திறனில் சிறு பகுதிதான் முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. கம்பி இருந்தது. கரையில் அது இறங்குகிற இடம் சிலர் கையில் இருந்தது. 2005இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பன்னாட்டுக் கம்பி வாடகைக்கு உச்சவரம்பு வைத்துக் குறைத்தது. விலை இறங்கியது. வீட்டுத் திட்டங்களின் வரம்பும் மெல்ல ஏறியது. 500 ரூபாய்த் திட்டத்தில் 2.5 ஜிபி என்கிற அளவுக்கு. வரம்பு ஏறியதே தவிர வரம்பு என்கிற ஏற்பாடு போகவில்லை.

*

போகாததற்குக் காரணம் அதற்குள் அது ஒரு புதிய பெயர் வாங்கிவிட்டது. 'ஃபேர் யூசேஜ் பாலிசி'. நியாயமான பயன்பாட்டுக் கொள்கை. தாண்டினால் தண்டம் என்ற பழைய முறைக்குப் பதிலாக, தாண்டினால் வேகத்தைப் பிடித்து அமுக்குவது. பில் அதிர்ச்சி போயிற்று. அதனால் கோபமும் பாதி போயிற்று. திட்டத்தின் பெயர் 'அன்லிமிடெட்'. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு அடியில் பொடி எழுத்தில் நியாயம்.

நியாயம் என்ற சொல்லை விற்பவன் எடுத்துக்கொண்டது சாதாரணக் காரியம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோதுமை விலை ஏறியபோது கூட்டம் சந்தைக்குப் போய், இதுதான் நியாய விலை என்று தானே அறிவித்து, மூட்டையைப் பிரித்து அந்த விலைக்கு விற்றுக் காசை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வந்ததைத் தாம்சன் தன் இன்னொரு கட்டுரையில் (1971) எழுதினார். அங்கே நியாயம் என்பது வாங்குகிறவர்களின் சொல். இங்கே அது விற்பவனின் சொல். அதைவிட மோசம், அது வாங்குகிறவனைக் குற்றவாளியாக்குகிற சொல். வரம்பைத் தாண்டினவன் 'அநியாயமாக'ப் பயன்படுத்தியவன். அவனால்தான் அடுத்த வீட்டுக்கு வேகம் இல்லை. முன்னே அப்பாவை மகனுக்குப் போலீசாக்கிய அளவு இப்போது பக்கத்து வீட்டுக்காரனையும் ஆக்கிற்று.

அளவைகளின் வரலாற்றை எழுதிய போலந்து அறிஞர் விட்டோல்ட் குலா, மரக்காலைக் குவித்து அளப்பதா தலைதட்டி அளப்பதா என்ற சச்சரவுக்குள் ஐரோப்பிய விவசாயியின் வர்க்கப் போராட்டம் முழுவதையும் கண்டார். நமக்கு இதைச் சொல்லப் போலந்து தேவையில்லை. தஞ்சையில் 1940களில் விவசாயத் தொழிலாளர்கள் சாட்டையடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து எழுந்தபோது, முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. பண்ணையாரிடம் வாங்குகிற மரக்கால் ஒன்று, கொடுக்கிற மரக்கால் ஒன்று. மரக்காலுக்குச் சர்க்கார் முத்திரை கேட்டது, அளவைப் பண்ணையார் கையிலிருந்து பிடுங்குகிற காரியம்.

இணையத்தின் மரக்கால் எங்கே இருக்கிறது? கரண்ட் மீட்டர் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கணக்கெடுப்பவர் வந்து பார்க்கும்போது நாமும் எட்டிப் பார்க்கலாம். மளிகைக் கடைத் தராசில் முத்திரை இருக்கிறது. எம்பியை எண்ணுகிற கருவி விற்பவனின் சர்வருக்குள் இருக்கிறது. அவன் காட்டுகிற எண்ணைத்தான் நாம் பார்க்கிறோம். அளவீடும் பில்லும் சரியாக இருக்க வேண்டும் என்று டிராய் 2006இல் ஒரு விதித்தொகுப்புப் போட்டது, தணிக்கையும் வைத்தது. ஆனால் தணிக்கை அறிக்கை வேறு, முத்திரை வேறு. எங்கள் வீட்டுக்கு இணைப்புத் தந்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) ஒரு முறை, வீடு பூட்டிக் கிடந்த பத்து நாளில் நாங்கள் முப்பது ஜிபி எடுத்ததாகக் காட்டியது. போன் செய்தேன். 'சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது' என்றாள் அந்தப் பெண், மரியாதையாக. அவளுக்கும் அதற்கு மேல் தெரியாது. சிஸ்டத்தோடு சண்டை போட நம்மிடம் கைக்கடிகாரம் இல்லை.

டிராய் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2012 ஜூலையில், வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் என்ன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. 2016 அக்டோபர் 31 அன்று, வரம்பைத் தாண்டிய பிறகும் வீட்டு இணையத்தின் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். வெளிப்படையாகச் சொல், கொஞ்சமாக நெரி. நெரிக்கலாமா என்ற கேள்வியை அது எடுக்கவே இல்லை. வெளிப்படைத்தன்மை என்பது புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின்வந்த நிர்வாகத்துக்கு மிகப் பிடித்த சொல். அதிகாரத்தைத் தொடாமல் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்காட்டும்.

அதே 2015, 16இல்தான் இணையச் சமநிலைக்கான பெரிய இயக்கம் நடந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. பேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு வழியடைத்து 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்து வேறுவேறு கட்டணம் வைக்கக்கூடாது என்று டிராய் விதி செய்தது. நல்ல வெற்றி, கொண்டாடினோம். ஆனால் கொண்டாட்டத்தில் ஒன்றை விட்டுவிட்டோம். சில தளங்களை மட்டும் 'இலவசமாக' விட முடிவது எதனால்? மற்றதெல்லாம் எண்ணப்படுவதனால். வரம்பு இருந்தால்தான் விதிவிலக்கை விற்க முடியும். இலையை வெட்டினோம், வேர் 'நியாயம்' என்ற பெயரோடு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். கனடாவில் 2011இல், சிறிய இணைய நிறுவனங்களும் அளந்துதான் விற்க வேண்டும் என்கிற நிலையை அங்குள்ள ஆணையம் உண்டாக்கியபோது ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டு, அரசே தலையிட வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் காம்காஸ்ட் 2008இல் மாதத்துக்கு 250 ஜிபி என்று வரம்பு கட்டியது. அந்நாட்டுக் கேபிள் கம்பெனிகளின் சங்கத் தலைவராக இருந்த மைக்கேல் பவல், அதற்கு முன் அரசின் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கே தலைவராக இருந்தவர், 2013 ஜனவரியில் ஒரு கூட்டத்தில் மனம் திறந்தார்: வரம்பு நெரிசலைத் தீர்ப்பதற்காக இல்லை, போட்ட முதலைப் பயனாளிகளிடமிருந்து எடுப்பதற்கான விலை ஏற்பாடு என்று. எங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னதும் அதுதான்.

*

2020 மார்ச்சில் உலகம் வீட்டுக்குள் போனது. வரம்பு உண்மையிலேயே நெரிசலைக் காப்பதற்கு என்றால், அதை இறுக்கியிருக்க வேண்டிய மாதம் அது. என்ன செய்தார்கள்? காம்காஸ்டும் ஏடிஅண்ட்டியும் வரம்பைத் தூக்கினார்கள். பிரிட்டனில் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அரசோடு பேசி வீட்டு இணைய வரம்பை எடுத்துவிட ஒப்புக்கொண்டன. குழாய் வெடிக்கவில்லை. இங்கே பிஎஸ்என்எல் லேண்ட்லைன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு மாதம் இலவச இணையம் கொடுத்தது. நல்ல காரியம்தான், ஆனால் அதிலும் நாளைக்கு 5 ஜிபி, அதற்கு மேல் வேகம் பத்தில் ஒன்றாகும். இலவசத்தைக்கூட அளக்காமல் கொடுக்கக் கை வரவில்லை.

அந்த ஊரடங்கில் பழனிசெட்டிபட்டி போன்ற ஊரில் பெரும்பாலான வீடுகளில் வீட்டு இணையம் என்பது ஒரு செல்போன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, மாத அளவு போய் நாள் அளவு வந்திருந்தது: தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி. நாள்கூலி மாதிரி நாள் டேட்டா. தீர்ந்தால் வேகம் 64 கிலோபிட்டுக்கு விழும். அதில் ஒரு படம்கூட முழுதாகத் திறக்காது. ஒரு மணி நேர வீடியோ வகுப்பு சில நூறு எம்பி விழுங்கும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு போன். யாருடைய வகுப்பு முதலில்? அண்ணனுடையது. 'அவனுக்குப் பரீட்சை இருக்குல்ல, நீ நாளைக்குக் கேட்டுக்க' என்று தங்கைக்குச் சொல்லப்பட்டது. நாளை என்றைக்கும் வரவில்லை. இதை ஆய்வு செய்து நான் சொல்லவில்லை, எங்கள் தெருவில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆனால் 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எப்போதாவது ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் நாட்டில் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். குடும்பத்துக்குள் எது வந்தாலும் கடைமடை யார் என்பது முன்பே தீர்மானமானது.

கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தியது தமிழக அரசு. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த ஓராண்டில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஜனநாயகமான பள்ளிக்கூடம் அதுதான். 2006க்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்த இலவசக் கலர் டிவியில் எண்ணுகிற கருவி எதுவும் கிடையாது. அக்காவும் தம்பியும் சேர்ந்து பார்த்தாலும் அதே செலவு. 2011 முதல் கொடுத்த இலவச மடிக்கணினி வேறு கதை: ஏர் கொடுத்தார்கள், தண்ணீருக்கு அவரவர் பாடு. 2021 ஜனவரியில்தான் அரசு அதை உணர்ந்ததுபோல, அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர் 9.69 லட்சம் பேருக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை. அரசும் தன் கருணையைக் கம்பெனியின் மரக்காலிலேயே அளந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஏன் இதற்காக இங்கே யாரும் தெருவுக்கு வரவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். அளவுக்கு எதிராகப் போராடத் தெரியாத மக்கள் இல்லை நாம். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் கோவைப் பகுதி விவசாயிகள் எழுந்தபோது பெருமாநல்லூரில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் போராட்ட வரிசையின் முடிவில் பம்புசெட்டுக்கு மீட்டரே வேண்டாம் என்ற நிலைக்குத் தமிழ்நாடு வந்தது. 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கே திரண்டு குமுளியை நோக்கிப் போயிற்று, அணையின் நீர்மட்டத்துக்காக. 136 அடியா 142 அடியா என்ற ஆறு அடிக்கு வேண்டி அத்தனை பேர். வாய்க்கால் என்பது மேலமடையையும் கீழமடையையும் ஒரே கரையில் நிறுத்துகிறது. சண்டை போடவாவது சந்தித்தாக வேண்டும். டேட்டா தீர்ந்தவன் தன் வீட்டு அறையில், தன் திரையின் முன்னால், தனியாகத் தீர்ந்துபோகிறான். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தீர்ந்துவிட்டதா என்பது அவனுக்குத் தெரிவதே இல்லை.

வாய்க்கால் முறையைப் புனிதமாக்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். டேவிட் மோஸ், ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட நூலில், முறைப்பங்கு என்பது சாதி அதிகாரத்தின் பங்கும்கூட என்று காட்டியிருக்கிறார். மடையைத் திறந்து அடைத்த மடைக்குடும்பனுக்கு அந்த மடையில் பாயும் சொந்த நிலம் எத்தனை ஊரில் இருந்தது? இன்றைக்கும் கம்பத்தில் ஏறி ஃபைபர் இழுக்கிற பையன்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த ஃபைபர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் பழைய முறையில் ஒரு விஷயம் இருந்தது. அளவு ஊருக்கு நடுவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது; அநியாயம் நடந்தால் அது அநியாயம் என்று தெரிந்தது.

இப்போது வரம்பு மறைந்துவிட்டது என்று சொல்கிறார்கள். 2020 செப்டம்பருக்குப் பிறகு வீட்டு ஃபைபர்த் திட்டங்கள் பெரும்பாலும் 'உண்மையிலேயே அன்லிமிடெட்'. பொய் அன்லிமிடெட் ஒன்று முன்பு இருந்ததற்கு இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டியதில்லை. இந்த உண்மைக்கும் அடியில் பொடி எழுத்து உண்டு: மாதத்துக்கு 3,300 ஜிபி. பெரிய கம்பெனிகள் எல்லோரும் ஒரே எண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டியது. சாதாரண வீட்டுக்கு அது தீராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2005இல் 400 எம்பியும் சாதாரண வீட்டுக்குப் போதும் என்றுதான் சொன்னார்கள். 30 எம்பிபிஎஸ் குழாய் முழுவேகத்தில் ஓடினால் 3,300 ஜிபி பத்து நாளில் தீரும். அந்தக் கணக்கின் வடிவம் மாறவில்லை. அதோடு ஃபைபர் எடுக்க முடியாத வீட்டுக்கு இன்னும் நாள் கணக்குத்தான். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் அரசுக் கண்ணாடி இழையைக் கொண்டுபோகும் திட்டம் ஒன்று இருக்கிறது. நாங்கள் பேரூராட்சி. அந்தப் பட்டியலில் வர மாட்டோம். கிராமம் என்றால் நகரத்துக்குப் பக்கம், நகரம் என்றால் கிராமத்துக்குப் பக்கம். 'வரை' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பதில் இப்படியும் ஒரு வசதி உண்டு.

காலையில் கம்பம் ரோட்டில் டீக்கடைக்குப் போனால் தினத்தாளில் அணை நீர்மட்டம் போட்டிருக்கும். பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு. பேப்பர் பார்க்காதவர்கூட 'இன்னைக்கு எவ்வளவுப்பா?' என்று கேட்பார்; யாராவது ஒருவர் சொல்வார். அந்த எண்ணுக்காக இரண்டு மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின, 2014 மே மாதம் தீர்ப்பு வந்தது, அதன்படி ஒரு குழு வந்து பார்க்கிறது. பழனிசெட்டிபட்டிக்கு வருகிற இணையக் குழாயின் கொள்ளளவு என்ன, நேற்று ராத்திரி எட்டு மணிக்கு அதில் எவ்வளவு ஓடியது, எவ்வளவு சும்மா கிடந்தது என்ற எண் எந்தப் பேப்பரிலும் வருவதில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். கேபிள்காரத் தம்பி மேலே கைகாட்டினான். மேலே இருப்பவர் இன்னும் மேலே கைகாட்டினார்.